முதல் தடவை மனநல ஓ.பி.க்குப் போகிறவர்களுக்கு

மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதாகச் சொல்லி, ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பேரை நம்ம வட சென்னைப் பக்கத்தில் வசவாக்கி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அதனால்தான் தூக்கம் போய், வேலை போய், மந்திரிக்கக் கொடுத்த காசும் போய், எல்லாம் போன பிறகு பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இந்தக் கட்டுரை முதல் தடவை வருகிறவர்களுக்கு. முக்கியமாகக் கூட வருகிற அம்மா, அக்கா, மனைவி, அண்ணனுக்கு. நோய்களின் பட்டியல் இதில் கிடையாது. டாக்டர் முன்னால் உட்காரக் கிடைக்கிற பத்து நிமிஷத்தை எப்படி உருப்படியாகப் பயன்படுத்துவது, வாங்கி வந்த மாத்திரையை வீட்டில் எப்படி நடத்துவது என்பதுதான் விஷயம். இதில் பாதி வேலை ஒரு தாளும் பேனாவும் செய்துவிடும்.

எந்த வாசலுக்குப் போவது

பேச்சும் நடத்தையும் மாறிவிட்டது என்றால் உடனே மனநல ஓ.பி. (வெளிநோயாளிகள் பிரிவு) என்று முடிவு கட்ட வேண்டாம். சில விஷயங்களுக்கு ஓ.பி. நேரம் வரை காத்திருக்கவே கூடாது. நேராக அவசரப் பிரிவுதான். வண்டி இல்லையென்றால் 108.

நேற்று வரை தெளிவாக இருந்த தாத்தா இன்று ஆள் தெரியாமல் உளறுகிறார், சாயங்காலம் ஆனால் இன்னும் அதிகமாகிறது என்றால் அது முதலில் உடம்புக் கோளாறு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்கிப் போவது, பத்து நாளுக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் பட்ட அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ‘வயசாயிடுச்சு, மூளை குழம்பிப் போச்சு’ என்று விட்டுவிட்டால், ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபட வேண்டிய காரணம் உயிரைக் குடிக்கும்.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்து பயந்தாலோ, அது தன் குழந்தையே இல்லை என்றாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். தீட்டு, காத்துக் கருப்பு என்று பதினாறு நாள் கழியக் காத்திருக்காதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தாயையும் குழந்தையையும் தனியாக விட வேண்டாம்.

முதல் தடவையாக நெஞ்சு அடைத்து, வியர்த்து, கை மரத்துப் போனால் அது படபடப்பு நோயாகவே இருந்தாலும் முதலில் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இதயம் சரி என்று தெரிந்த பிறகு அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கினால் அது மனநல ஓ.பி.க்கு உரியது. மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை.

சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் நேரடியாகக் கேளுங்கள்: ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. கேட்டால் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கிற மாத்திரைகளையும் விஷப் பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள். எதையாவது செய்துகொண்டுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டில் வைத்து உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க வேண்டாம். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை, அவ்வளவுதான். 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கொண்டு தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது.

இவை தவிர மற்றதெல்லாம் ஓ.பி. விஷயம். திருவொற்றியூர், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்டே. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர் பக்கம் என்றால் மேடவாக்கம் டேங்க் ரோட்டிலுள்ள மனநலக் காப்பகம் கிட்டே. 1794இல் தொடங்கிய நிறுவனம் அது. எல்லோரும் கீழ்ப்பாக்கம் என்றாலும் இருப்பது அயனாவரத்தில். ஓ.பி. பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ‘உள்ளே போனா விட மாட்டாங்க’ என்பது பழங்காலத்துப் பேச்சு. கூட்டத்தில் போக இன்னும் மனசு வரவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டாரும் பேசலாம்.

ஒரு தாளில் எழுதுவது

டாக்டர் ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் வருகிற பதில்: ‘ஒரு மாதிரியா இருக்கான் சார்.’ இதை வைத்து யாராலும் மருந்து எழுத முடியாது. முந்தின நாள் இரவே உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள். ‘திமிர் பண்றான்’, ‘சோம்பேறி’, ‘பைத்தியம் மாதிரி’ என்பதெல்லாம் உங்கள் தீர்ப்பு. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, எத்தனை நாளாக என்பது மட்டும் தாளில் இருக்கட்டும்.

இருபத்து நாலு வயசுப் பையனுக்காக ஒரு வீட்டில் எழுதுகிற தாள் இப்படி இருந்தால் போதும்:

‘பொங்கல் வரை ஒழுங்காக வேலைக்குப் போனான். தை கடைசியில் ஷிஃப்ட்டுக்குப் போவதை நிறுத்தினான், கேட்டால் அங்கே எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். மாசி முதல் வாரத்திலிருந்து ராத்திரி இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. எதிர்வீட்டு சிசிடிவி தன்னைப் பார்க்கிறது என்று ஜன்னலைப் போர்வையால் மூடினான். தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்கிறான். நாங்கள் சமைத்ததைத் தொடுவதில்லை, பாக்கெட் பிரித்த பிஸ்கட் மட்டும் சாப்பிடுகிறான். குளித்து ஒன்பது நாள். அம்மாவை ஒரு தடவை தள்ளினான், ஆயுதம் எடுக்கவில்லை. கஞ்சா உண்டு, இரண்டு வருஷமாக, போன மாதம் தினமும். சித்தப்பாவுக்கு இதே மாதிரி இருந்தது, ஊசி போட்டார்கள்.’

பத்து வரிதான். ஆனால் எப்போது ஆரம்பித்தது, தூக்கம், சாப்பாடு, சந்தேகம், குரல் கேட்பது, கோபத்தின் அளவு, போதை, பரம்பரை என்று ஒரு பயிற்சி மருத்துவர் அரைமணி நேரம் தோண்டி எடுக்க வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. தேதி நினைவில்லை என்றால் பண்டிகை, ஸ்கூல் பரீட்சை, ஆடி மாதத் திருவிழா என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டு எழுதுங்கள். போதையை மறைக்காதீர்கள். கஞ்சா, மாவா, வலி மாத்திரை எதுவானாலும் அங்கே அது மருத்துவத் தகவல். மறைத்தால் நோயின் பெயரே தப்பாகிவிடலாம்.

மனச்சோர்வு என்றால் தாள் வேறு மாதிரி இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதே அபூர்வம். ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘மண்டை சூடா இருக்கு’, ‘கை கால் ஓய்ஞ்சு போச்சு’ என்பார்கள். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிவிட்டு, கூடவே இவற்றையும் சேருங்கள்: விடியற்காலை மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா, எடை எவ்வளவு குறைந்தது, பிடித்த சீரியலைக்கூடப் பார்ப்பதில்லையா, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்று சொல்கிறாரா. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இப்படியே என்றால் அது வெறும் வருத்தமில்லை.

இன்னொரு கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும். இதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே இல்லாமல் உற்சாகமாக, ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்து, பெரிய பெரிய திட்டம் போட்ட நாட்கள் உண்டா? சோர்வோடு வந்தவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். ‘அப்ப நல்லாத்தானே இருந்தேன்’ என்பார். இது தெரியாமல் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், இப்படிச் சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வருகிற இருதுருவ நோய் உள்ளவருக்கு அதுவே எதிர்ப்பக்கம் தூக்கிவிடும்.

அன்றைய காலை

அரசு ஓ.பி. காலையில்தான். சீட்டு வாங்குகிற இடத்துக்கு ஏழரைக்குப் போய்விடுங்கள். பழைய சீட்டுகள், பி.பி., சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட்டுகள் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, சித்த மருந்து உட்பட, அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு’ என்றால் ஆயிரம் வெள்ளை மாத்திரை இருக்கிறது. ஆதார் கார்டு, தண்ணீர், ஏதாவது சாப்பிட. கூட்டமாகப் போக வேண்டாம். அவரோடு ஒரே வீட்டில் படுத்து எழுகிற ஒருவர், வெளி வேலைக்கு ஓட இன்னொருவர் போதும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மனசைச் சொல்ல வீட்டு மொழிதான் சரிப்படும்.

உள்ளே முதலில் வீட்டாரிடம், பிறகு அவரிடம், அல்லது மாற்றிக் கேட்பார்கள். அவரைத் தனியாகப் பேச விடச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுங்கள். நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் தாளை நீட்டலாம். ‘இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிங்க’ என்று கேட்டால் அது மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற வழி. பக்கத்திலிருந்து விடை எடுத்துக் கொடுக்காதீர்கள்! ரத்தப் பரிசோதனை எழுதினால் ‘மனசுக்கு எதுக்கு ரத்தம்’ என்று தட்டிக்கழிக்க வேண்டாம். தைராய்டு குறைந்தால் சோர்வு வரும், பி12 குறைந்தால் ஞாபகம் போகும். சில மாத்திரை ஆரம்பிக்கும் முன் சர்க்கரை, கொழுப்பு, எடை இவற்றின் தொடக்க அளவு தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகவும் சோதனைகள் மூலமாகவும் வேலை செய்கிறவர் மருத்துவ உளவியலாளர். வீடு, வேலை, உதவித்தொகை பக்கம் பார்க்கிறவர் மனநல சமூகப் பணியாளர். மூவரும் ஒரே இடத்தில் இருந்தாலும் கூட்டத்தில் மாத்திரைச் சீட்டோடு ஆள் வெளியே வந்துவிடுவது உண்டு. ‘கவுன்சிலிங்குக்கு யாரைப் பார்க்கணும்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வர மாட்டேன் என்றால்

‘வா, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போலாம்’ என்றால் யார் வருவார்? பொய் சொல்லி, கல்யாணத்துக்குப் போகிறோம் என்று கூட்டிவந்தாலும் அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டார். சந்தேக நோயில் இருப்பவருக்கு அது தன் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்த மாதிரி. அவரே ஒத்துக்கொள்கிற குறை ஒன்று இருக்கும், பெரும்பாலும் தூக்கம். ‘ராத்திரி தூங்காம கஷ்டப்படறே, அதுக்குக் காட்டலாம்’ என்பதில் பொய் இல்லை. சிசிடிவி பார்க்கவில்லை என்று வாதாடாதீர்கள். பார்க்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். ‘எனக்கு அப்படித் தெரியலை, ஆனா உனக்கு எவ்ளோ பயமா இருக்கும்னு புரியுது’ என்றால் போதும். அப்போதும் அசையவில்லை என்றால் வீட்டார் மட்டும் தாளோடு போய்க் கேளுங்கள். வழி சொல்வார்கள், பார்க்காமல் மருந்து தர மாட்டார்கள், தரவும் கூடாது.

சாப்பாட்டில் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு நாள் அடியில் படிந்த பொடியைக் கண்டுவிட்டால் அதோடு சாப்பாடும் நிற்கும், உறவும் நிற்கும். மாதம் ஒருமுறையோ இரண்டுமுறையோ போடுகிற நீண்டகால ஊசி இருக்கிறது. மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்று உண்மையைச் சொன்னால் டாக்டர் அதைப் பற்றிப் பேசுவார்.

மாத்திரை

மிக அதிகமாகத் தப்பு நடக்கிற இடம் இதுதான்.

சோர்வு, பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் இன்று போட்டு நாளை வேலை செய்கிற தலைவலி மாத்திரை இல்லை. முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கலக்கல், கொஞ்சம் கூடுதல் படபடப்புகூட வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம். அதாவது தொந்தரவு முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. பலர் நடுவில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். சாப்பிட்ட பிறகு போடுங்கள், பொறுங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக. டக்கென்று நிறுத்தினால் தலைசுற்றல், மண்டைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு வரும்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கூடவே எழுதுகிற குளோனசெபாம் வகை வேறு கதை. அது அன்றைக்கே வேலை செய்யும், அதனால் எல்லாருக்கும் பிடித்துப் போகும். சில வாரத்துக்கு மட்டும் என்று எழுதியதைத் தெரிந்த மெடிக்கலில் வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டுப் பழக்கமாகிவிட்டவர்கள் நிறைய. பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

சந்தேகம், குரல் கேட்பது இவற்றுக்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளில் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பித்த முதல் சில நாளில், குறிப்பாக இளவயசு ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண் இரண்டும் மேலே செருகி நிற்கும். தாடை இறுகி நாக்கு வெளியே தள்ளும். சுயநினைவு இருக்கும், பேசத்தான் வராது. பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றி, வேப்பிலை அடித்து, இரண்டு மணி நேரம் வீணாகும். இது மருந்தால் தசை இறுகுவது, பேயுமில்லை வலிப்புமில்லை. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் ஒரு புரோமெதசின் ஊசியில் பெரும்பாலும் அரைமணிக்குள் கழுத்து நேராகிவிடும். மூச்சு விடச் சிரமம், தொண்டை இறுக்கம் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். சீட்டில் டிரைஹெக்ஸிஃபெனிடில் 2 மில்லிகிராம் என்று கூடவே எழுதியிருந்தால் அது இந்த இறுக்கத்துக்குத்தான், தூக்க மாத்திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாய் வறண்டால் தண்ணீர் குடிக்கட்டும். உடம்பு இறுகுவதோடு காய்ச்சல், வியர்வை, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் அது அபூர்வமான வேறு ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவு.

ஓலான்சபின் பசியைக் கிளப்பும். நாலு மாதத்தில் பத்து கிலோ ஏறியவர்கள் உண்டு. ஏறிய பிறகு ‘மாத்திரையால வீங்கிட்டான்’ என்று நிறுத்திவிடுவார்கள். ஆரம்பிக்கும் அன்றே எடை பார்த்துக் குறித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். மூணாவது மாதம் சர்க்கரை பாருங்கள். ஏறுவது தெரிந்தால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

லித்தியம் போடுகிறவர்கள் வீட்டில் ஒருவராவது இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இருதுருவ நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை இருந்தால் சரி, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரையைப் போடாமல். போட்டுவிட்டுக் கொடுத்தால் கணக்கு தப்பாக வரும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் மீன் ஏலக்கூடத்திலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்கள், வயிற்றுப்போக்கு வந்தவர்கள், நோன்போ விரதமோ இருக்கிறவர்கள் முன்னாடியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பி.பி.க்காக யாராவது உப்பைக் குறைக்கச் சொன்னாலும், நீர் போகிற மாத்திரை கொடுத்தாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் போடலாம். கை மெல்ல நடுங்குவது சாதாரணம். டீ தம்ளர் கொட்டுகிற அளவு நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், குடித்தவர் மாதிரித் தள்ளாட்டம் என்றால் அடுத்த மாத்திரை போடாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

குளோசபின் மற்ற மருந்துகள் கேட்காதபோது தருவது. முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். மலச்சிக்கலை அலட்சியப்படுத்தினால் குடல் அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே ஆரம்பிக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டு முதலிலிருந்து.

வால்புரோயேட் சாப்பிடுகிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வது அப்புறம், முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கும். கரு உருவாகும் முன்பே மாற்ற வேண்டிய மருந்து.

குடியை நிறுத்துகிறவர்கள்

கார்த்திகையில் மாலை போடுவதற்காக, பத்து வருஷமாக தினம் குவார்ட்டர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துகிறார். நல்ல காரியம்தான், ஆனால் உடம்பு பக்தியைப் பார்க்காது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. நாற்பத்தெட்டு மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், இடம் தெரியவில்லை என்று ஆரம்பித்தால் அது உயிருக்கு ஆபத்தான கட்டம். சாமி வந்திருக்கிறது என்று சூடம் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. தினமும் குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர் மருத்துவரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். ஐந்து ஏழு நாளில் குறைத்துக்கொண்டே வரும்படி மாத்திரை தருவார்கள்.

தெருமுனைக் கிளினிக்கில் ‘டயர்டா இருக்கார், ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்காதீர்கள். நாள்பட்ட குடியில் தயமின் என்கிற பி1 வைட்டமின் காலியாகியிருக்கும். அது போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ்.

ஆளுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கிற பொடி விளம்பரங்கள் சுவரெல்லாம் ஒட்டியிருக்கின்றன. டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, பி.பி. இறங்கி, இதயமே நிற்கலாம். அது அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, பரிசோதனைகள் செய்த பிறகு சாப்பிட வேண்டிய மருந்து.

சேர்க்கச் சொன்னால்

எல்லாரையும் சேர்ப்பதில்லை. சேர்க்கச் சொன்னால் இரண்டு வழி. அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தால், அவர் கேட்கும்போது அனுப்ப வேண்டும். ஆபத்து இருக்கிறதென்று டாக்டர் நினைத்தால் பரிசீலிக்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். அவரால் முடிவெடுக்க முடியாத நிலை, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் நியமனப் பிரதிநிதி மனு கொடுத்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, முப்பது நாள் வரை சேர்க்கலாம். தன் சார்பில் அந்தப் பிரதிநிதி யார் என்பதை, மனம் தெளிவாக இருக்கும் காலத்தில் நோயாளியே எழுதிக் கொடுத்து வைக்கலாம். எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. குடும்பச் சண்டையில் ஒருவரை ‘உள்ளே தள்ள’ இந்த வழி இல்லை, அந்த எண்ணத்தோடு போகாதீர்கள்.

ஷாக் என்றதும் சினிமாதான் ஞாபகம் வரும். இப்போது மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்திவிட்டுத்தான் செய்கிறார்கள்; மயக்கம் இல்லாமல் செய்வதைச் சட்டமே தடை செய்துவிட்டது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, வாரம் இரண்டு மூன்று தடவை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு. அந்த நாட்களை ஒட்டிய ஞாபக மறதி வரலாம். சாப்பாடே இறங்காத, தற்கொலை எண்ணம் விடாத சோர்வில் மாத்திரையைவிட வேகமாக வேலை செய்வது அது.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டே மாத்திரையும் போடலாம், இரண்டும் சண்டை போடாது. ஆனால் சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு பழைய டைரியில் தினம் மூன்று விஷயம்: எத்தனை மணி நேரம் தூக்கம், மாத்திரை போட்டாரா, புதிதாக ஏதாவது. அடுத்த ரிவ்யூவுக்கு அதுவே தாள். பெரும்பாலும் நோய் திரும்புவது தூக்கத்தில்தான் முதலில் தெரியும். தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் ரிவ்யூ தேதி வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பிடும்போது, வேலை தேடும்போது என்று வார்த்தைக்கு வார்த்தை ‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒரு நேரம் வைத்துக்கொண்டு, அப்போது மட்டும். தொடர்ந்த திட்டும் குத்தலும் உள்ள வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். நீண்ட நாள் நோயால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று தர வேண்டும், அதற்குத் தொடர்ந்து காட்டிய ஓ.பி. சீட்டுகள் வேண்டும். அதனால் எந்தச் சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள்.

மருந்து பொதுவாகப் பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ தருவார்கள். வாங்கிய அன்றே எண்ணிப் பார்த்து, தீரும் நாளைக் காலண்டரில் குறியுங்கள். அது பொங்கல் விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விழுந்தால் முன்னாடியே போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஒரு வார மாத்திரையாவது கையிருப்பு இருக்கட்டும். அதையும் சீட்டின் ஜெராக்ஸையும் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் ஏறாத பரண் மேல் வையுங்கள். அதன் பொறுப்பு வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.